வெட்டு நின்ற மாசம்

மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது.
வெட்டு நிறுத்திப் பதினெட்டு நாளாயிற்று.
கைக்கு அது தெரியவில்லை,
இருட்டில் தலைவிளக்கைத் துழாவுகிறது.
பிறகு, எழ ஒரு காரணமும் கிடைக்காமல்
காய்ந்த இலைமேல் பனி சொட்டுவதைக்
கேட்டபடி கிடக்கிறேன்.

களியலுக்கு மேலே ரப்பர்க்காடு மொத்தமும்
தை முடியுமுன்னே சிவந்து கொட்டிவிட்டது.
கவிழ்த்துவைத்த சிரட்டைக்குள்
எட்டுக்கால் பூச்சி குடியேறியிருக்கிறது.
ஷீட் அடிக்கிற மெஷினில்
பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடுகிறாள்.

"மரத்துக்கு ஓய்வு வேணும் கேட்டியா,
இப்பம் வெட்டினா பட்டை கெட்டுப்போவும்"
என்றார் முதலாளி.
முந்நூற்றைம்பது மரம், பதினோரு வருடம்,
இடமிருந்து வலம் சரியும் ஒரே கோடு.
எனக்க பட்டையைப் பற்றி
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து
ஹெப்சி டீச்சர் பிடித்துக்கொண்டாள்.
அசனத்து நோட்டீசுக்கு எட்டு வரி வேண்டுமாம்.
"போன வருசம் ஸ்டெல்லாபாய் எழுதினது
எம்பிடு நல்லா இருந்துது!"
போன வருடம் நான் எழுதியது
வசந்தம் வந்தது என்று.
இங்கே அப்படி ஒன்று வந்து நான் பார்த்ததில்லை.
விடியலில் கம்பிளி, மத்தியானம் விசிறி,
இரண்டுக்கும் நடுவே தொண்டையில் ஒரு கரகரப்பு.
எங்கள் வசந்தம் அவ்வளவுதான்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
'கர்த்தாவே' என்று எழுதினேன்.
அதன் கீழே:
சீட்டு 1250
கேஸ்
ஜெரினுக்கு பஸ் பாஸ்.
கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன்.

சிவராத்திரிக்கு முந்தின ராத்திரி
ரோட்டில் ஓட்டக்காரர்கள் போனார்கள்,
கையில் பனையோலை விசிறி,
கோவிந்தா, கோபாலா என்று கூவிக்கொண்டு,
பன்னிரண்டு கோயிலும் கால்நடையாய்.
வாசலில் நின்று பார்த்த எனக்கு
மூச்சு வாங்கியது.
கதவைச் சாத்திப் படுத்தேன்.

மறுவாரம் டெம்போவில்
அறுபது தேன்பெட்டியோடு வந்தார்
மார்த்தாண்டத்துத் தாசையன்.
தோட்டத்துக்குள் ஒவ்வொன்றாக இறக்கி
எறும்பு ஏறாமலிருக்கக் காலுக்குத் தண்ணீர் வைத்தார்.
"பூவே காணலியே அண்ணா,
இதுகள் என்னத்தக் குடிக்கும்?"
அவர் சிரிக்கவில்லை.
தாழ்ந்த கொப்பை வளைத்துக் காட்டினார்.
செம்புக்காசு நிறத்தில் தளிர்,
மூன்று இலையும் சேருமிடத்தில்
ஊசிமுனை அளவு ஈரம்.
"பூவுக்குக் காத்திருந்தா ஈ செத்துப்போவும்.
இது காம்பிலயே கெடக்கு."

விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
இனிப்பா என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை.
பதினோரு வருடமும் இருட்டில்,
நெஞ்சுயரத்தில், விளக்கு விழுந்த ஒரு சாண் பட்டையை
மட்டுமே பார்த்திருக்கிறேன்.
அன்றுதான் அண்ணாந்தேன்.
கழுத்து வலித்தது.
மேலே என்னென்னவோ நடந்துகொண்டிருந்தது,
எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல்.

அன்று மத்தியானம் நாலு மணி வரை உறங்கினேன்.
கனவு ஏதும் வரவில்லை.
கறி கரிந்த மணத்துக்கும் எழவில்லை.

டீச்சரிடம் இரண்டு வரி கொடுத்தேன்.
புரட்டிப் பார்த்தாள்,
தாளின் மறுபக்கத்தில் கேஸ் கணக்கு.
"மிச்சம் ஆறு வரி?"
"மரம் வெட்டுக்கு வரட்டு டீச்சர்" என்றேன்.

திரும்பி நடக்கையில்
காதோரம் ஒரு தேனீ சுற்றியது.
தட்டிவிட எழுந்த கை
பாதியில்,
மடியினால்தான்,
நின்றுவிட்டது.