நலன் முரண்

இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது விதி.
இரண்டு லட்சத்தை ஒருசேரப் பார்த்ததில்லை எங்கள் பிரிவு.
ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து அறுநூறு
என்று தட்டினேன்.
முழுசாகக் கேட்டால்
பேராசை என்பார்கள்.

இரவு பத்து இருபது.
ராயபுரம் பக்கமிருந்து மீன்வாடை, கூடவே
ஏதோ கோயிலின் ஒலிபெருக்கி.
மைக்ரோபயாலஜி கணினியில் எஸ் விசை
அழுத்தி அழுத்தித்தான் விழும்.
செப்சிஸுக்கு மூன்று எஸ்.

"இந்த ஆய்வின் புதுமை என்ன?"
புதுமை ஒன்றுமில்லை.
கை கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.
பதினான்காம் கட்டிலிலிருந்து குழாய்க்குப்
பத்தொன்பது எட்டு, நடந்து அளந்தேன்.
போக வர முப்பத்தெட்டு.
நாற்பத்தொரு கட்டில், ராத்திரிக்கு இரண்டு நர்ஸ்,
மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்
என்று எழுதி, அழித்து,
'பணிச்சூழல் சார்ந்த தடைகள்' என்று மாற்றினேன்.
டாக்டர் பர்கத் நிஷா எட்டு மணிக்கே சொல்லிவிட்டுப் போனார்:
"சிஸ்டர், கோபத்தைக் குறைங்க, நம்பரைக் கூட்டுங்க."

திரவக் குப்பியைக் கட்டிலிலேயே மாட்டக் கொக்கி, நாற்பத்தொன்று.
பாரிமுனையில் விசாரித்தேன், ஒன்று முப்பத்தைந்து ரூபாய்.
வளர்ப்புத் தட்டுகள்.
கணக்கெடுப்பவர்களுக்கு டீ:
இத்தலைப்பில் செலவு அனுமதிக்கப்படாது.
சரி. டீ என் கணக்கு.

துணை ஆய்வாளர்: கெஜலட்சுமி.
பதவிப் பெட்டியைத் திறந்தால்
பேராசிரியர், இணைப் பேராசிரியர், முதுநிலை மாணவர்.
பினாயில் வாளிக்காரி அதில் இல்லை.
யார் கழுவினார்கள், யார் கழுவுவதுபோலக்
குழாயைத் திறந்து மூடினார்கள் என்பது
அவளுக்குத்தான் தெரியும்.
தரை துடைப்பவள் முன்னால் யாரும் நடிப்பதில்லை.
'மற்றவை' என்று தேர்ந்தெடுத்தேன்.
"எம் பேரு இன்னாத்துக்கு சிஸ்டர் அதுல?
எதுனா கேஸ் ஆயிடப் போவுது" என்றிருந்தாள் மத்தியானம்.

கடைசிப் பக்கம்.
"நலன் முரண் ஏதும் உண்டா?"
இல்லை என்பதை அழுத்தினேன்.
அழுத்திய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஆடி. அப்போது நான் ராத்திரி வார்டு.
கரண்ட் போய், ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
பதின்மூன்றில் சீழ்க்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்,
பதினான்கு கூப்பிட்டாள்.
மீஞ்சூர்ப் பெண், சிசேரியன், இரண்டாம் நாள்.
டிரிப் நின்றுவிட்டது.
கையுறையைக் கழற்றினேன், அது நினைவிருக்கிறது.
குழாய் வரை போனேனா?
போயிருக்கலாம்.
நான்காம் நாள் காய்ச்சல்.
பத்தொன்பதாம் நாள் ஆட்டோவில்
குழந்தை போனது, ஃபிளாஸ்க் போனது,
பச்சை பிளாஸ்டிக் வாளி போனது.

என் கைதான் என்பதற்கு ஆதாரமில்லை.
இல்லை என்பதற்கும் இல்லை.
இந்த விண்ணப்பம் அந்த நடுவில்தான்
உட்கார்ந்திருக்கிறது.

'ஆம்' என்று மாற்றினேன்.
விளக்கம் கேட்டது, ஐம்பது சொல்லுக்குள்.
ஆறு போதுமாயிருந்தது:
ஆய்வு செய்யப்படும் கைகளில் என் கையும் ஒன்று.

பதினொன்று நாற்பது.
கோப்பு இரண்டு எம்பியைத் தாண்டுகிறதாம்.
டீன் கையெழுத்தை எடுக்க முடியாது.
குழாயின் படத்தை எடுத்துவிட்டேன்,
முழங்கையால் திறக்கிற பிடி உடைந்து
சலைன் டியூபால் கட்டிவைத்திருக்கிற குழாய்.
போனது. பதிவு எண் வந்தது, எட்டு இலக்கம்.
தாள் அகப்படாமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

வெளியே போகிற வழி வார்டுக்குள்தான்.
பதினான்கிலிருந்து ஒருத்தி,
பொன்னேரியோ கும்மிடிப்பூண்டியோ,
"சிஸ்டர், இதக் கொஞ்சம் பாருங்களேன்."
குழாய்க்கு நடந்தேன்.
டியூபை அவிழ்த்து, சோப்புப் போட்டு,
விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு.
நீலமாய்க் கொஞ்சம் ஓடியது.
எண் மின்னஞ்சலிலும் வருமாம்.