பிசிறு

ஆறு மாதமாக
இந்தப் பன்னிரண்டு குழிகளுக்கும்
ஒருநாள் விட்டு ஒருநாள் சோறு போடுகிறேன்.
மாட்டுப் பொங்கலன்றும்
பீளமேட்டில் மூன்றாம் மாடியில் தனியாக நின்று
பழைய மீடியத்தை உறிஞ்சிவிட்டுப்
புதியதை ஊற்றிக்கொண்டிருந்தேன்.
இளஞ்சிவப்பு.
சாயப்பட்டறைகள் மும்முரமாய் ஓடிய காலத்தில்
நொய்யல் இந்த நிறத்திலும் ஒருநாள் போயிருக்கும்.

ஒவ்வொரு குழியிலும்
கடுகில் பாதியளவு விழித்திரை.
துளசிமணி, முப்பத்தொன்பது வயது,
அனுப்பர்பாளையம்,
பனியன் கம்பெனியில் செக்கிங்.
இடது கையில் எடுத்த பத்து மில்லி ரத்தம்,
அதில் பொறுக்கிய சில செல்கள்.
நீங்கள் இன்னார் என்பதை மறந்துவிடுங்கள் என்று
நான்கு மரபணுக்களை விட்டுச் சொல்லவைத்தேன்.
மறந்தன.
பிறகு, கண்ணாகுங்கள் என்றேன்.
அதற்குத்தான் அவகாசம் கேட்டன,
கருவில் எத்தனை நாளோ அத்தனை நாள்.
அவசரப்படுத்த வழியில்லை.
(நிதி கேட்டு எழுதிய அறிக்கையில்
இதை வேறுவிதமாகச் சொல்லியிருக்கிறேன்.)

நேற்று அவரே வந்தார்.
"என்ற கண்ணு இங்க வளருதுன்னீங்களே,
ஒருக்காப் பாக்கலாமுங்களா?"
பார்க்கலாமே என்றுவிட்டேன்.
கேட்டவர் யார் என்பது
அப்புறம்தான் உறைத்தது.

அவருக்கு மிச்சமிருப்பது
நடுவில் ஒரு பத்து டிகிரி.
தண்ணிக் குழாய்க்குள்ள பாக்கறாப்பல என்பார்.
பொழுது சாய்ந்தால் அதுவும் கிடையாது.
சூப்பர்வைசருக்குத் தெரியாமல் மூன்று வருடம்
ஓட்டை, ஆயில் கறை, விட்ட தையல் எல்லாம் பிடித்தவர்.
"துணிய நகத்துனேனுங்க, கண்ண நகத்துல."

கதவில் இடித்துக்கொண்டார். ஸ்டூலில் இடித்துக்கொண்டார்.
கை பிடிக்கப் போனேன்; வேண்டாமுங்க.
ஐபீஸில் கண்ணை வைத்தவர்
அசையவே இல்லை.

நுண்ணோக்கி யாருக்கானாலும்
சுற்றி இருட்டை வைத்து
நடுவில் ஒரு வட்டம்தான் தருகிறது.
அங்கே அவருக்கு ஒன்றும் குறையவில்லை.
எனக்கு ஒன்றும் கூடவில்லை.

வெகுநேரம் கழித்து,
"ஓரத்துல பிசிறு இருக்குதுங்.
ட்ரிம்மிங்ல உட்டுட்டீங்களா?"

சிரித்துவிட்டேன்.
அந்தப் பிசிறுக்குத்தான் நூற்றியெண்பது நாள் காத்திருந்தேன்,
வெளிச்சத்தைப் பிடிக்கிற முனைகள் அவை,
முளைக்காமல் போன தட்டுகள் எத்தனை தெரியுமா என்று
சொல்லிக்கொண்டே போனேன்.
அவர் காதில் வாங்கவில்லை.
தட்டை நகர்த்தும் திருகை
அவர் விரல் கண்டுபிடித்திருந்தது.

"இதையப் பாருங்கோ.
மணி நாலுலருந்து ஏழு வரைக்கும் பிசிறே இல்லீங்.
மொழுக்குன்னு கெடக்குது."

பார்த்தேன்.
இல்லை.
மூன்று வாரமாகப் படம் எடுத்துவைத்திருக்கிறேன்,
எல்லாவற்றிலும் இருக்கிறது அந்த இல்லாமை.
பிழை திருத்தி வளர்த்த தட்டை எடுத்து வைத்தேன்.
சுற்றிலும் பிசிறு, சீராக.
மறுபடி அவருடையது.
நாலிலிருந்து ஏழு.
அடுத்த குழியில் எட்டிலிருந்து பத்து.
ரிஜெக்ட் பீஸுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற குரலில்
அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

ஒன்பதாவது குழியில் நின்றார்.
"இப்பப் பகலுன்னு இதுக்குத் தெரியுமுங்களா?"

வெளிச்சம் பட்டால் சின்னதாய் ஒரு மின்துடிப்பு வரும்,
ஆனால் போய்ச்சேர இடமில்லை,
பின்னால் மூளை இல்லையே என்றேன்.

"அப்பப் பரவால்லீங்.
கெட்டுப்போறது அதுக்குத் தெரியாது."

மருந்து எப்போது வரும் என்று
அவர் கேட்கவே இல்லை.
கேட்டால் சொல்ல
ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்.

நாலரைக்கு எழுந்துவிட்டார்,
இருட்டறதுக்குள்ள வீடு சேரோணும்.
ஹோப்ஸ் ஸ்டாப்பில் திருப்பூர் பஸ்ஸின் படியைக்
காலால் தேடி ஏறினார்.

திரும்பி வந்து குறிப்பேட்டைப் பார்த்தால்
'கவனித்தவர்' என்ற கட்டத்தில்
பழக்கதோஷத்தில் என் கையெழுத்து.
அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்:
துளசிமணி, செக்கிங்.