முக்கால் லிட்டர்

வங்கிப் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில்
இரண்டு முறை அடித்து எழுதினேன்.
மருத்துவர் என்றால் சம்பளச் சான்று கேட்கிறார்கள்.
மாணவி என்றால்
பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டு நிமிர்கிறார்கள்.

ஈரோட்டிலிருந்து மகள் கேட்கிறாள்:
நீ எத்தனாவது படிக்கறம்மா?
பள்ளியில் பன்னிரண்டு
எம்.பி.பி.எஸ். ஐந்தரை
எம்.டி. மூன்று
பத்திரத்தில் கையெழுத்திட்டதற்காக
மலையடிவாரத்து அரசு மருத்துவமனையில் இரண்டு,
அது கணக்கில் சேராது.
இப்போது டி.எம். இரண்டாம் வருடம்.
இருபத்திரண்டாவது என்று வைத்துக்கொள் கண்ணு.
அவள் யோசித்துக் கேட்டாள்:
அத்தன தடவ ஃபெயிலா?

முன்பு முழு உடம்பையும் பார்த்தேன்.
காய்ச்சல், பாம்புக்கடி, பூச்சிமருந்து, எல்லாம்.
இப்போது
கைமுட்டியளவு உறுப்பு இரண்டு மட்டும்.
ஏற ஏறக் குறுகும் படிப்பு.
அதன் உச்சியில்
ஒரு சொட்டுச் சிறுநீருக்காகக்
குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பரேலில், இரண்டாம் மாடியில்,
ஜன்னல் இல்லாத டயாலிசிஸ் அறை.
பதினான்கு மெஷின், இரண்டு ரிப்பேர்.
தவசிக்கனிக்குச் செவ்வாயும் வெள்ளியும்
மூன்றாம் ஷிப்ட்.
தாராவியிலிருந்து கிளம்பி
சைக்கிளில் இட்லி விற்றவர்.
இப்போது அந்தச் சைக்கிளை
அவர் மனைவி தள்ளிக்கொண்டே போகிறாள்,
அவளுக்கு ஏறத் தெரியாது.

நாளுக்கு முக்கால் லிட்டர் என்று சொல்லியிருந்தேன்.
காபி, ரசம், மாத்திரைக்கான மடக்கு
எல்லாம் சேர்த்து.
சட்னிக் கரண்டியால் அளக்கிறாராம்,
பதினைந்து கரண்டி.
ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பார்:
வெளிய மழையா டாக்டரம்மா?
இங்க ஒண்ணும் கேக்கலியே.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை.
சயானோடு ரயில் நின்றுவிட்டது.
சனி இரவு ஒரு மணிக்கு வந்தார்,
இட்லிப் பாத்திரம் கட்டும் கேரியரில் உட்கார்ந்து.
ஹிந்த்மாதாவில் மாரளவு தண்ணீரில்
அவள் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

பொட்டாசியம் ஏழு புள்ளி எட்டு.
இசிஜியில் டி அலைகள்
கூடாரம் கூடாரமாக எழுந்து நின்றன.
கால்சியத்தை மெதுவாகச் செலுத்தினேன்,
ஒரு கண் மானிட்டரில்.
கல்யாணுக்கு வண்டி இல்லாமல்
மெஷின் பக்கத்திலேயே படுத்திருந்த
டெக்னீஷியன் காயக்வாட் எழுந்து
ஒரு கொட்டாவி முடிவதற்குள்
குழாய்களைப் பூட்டிவிட்டார்.

ரத்தம் வெளியே போய்த் திரும்பி வரத் தொடங்கியதும்
தவசிக்கனி சொன்னார்:
வழி பூரா வாயத் தொறக்கல டாக்டரம்மா.
ஒரு மடக்கு உள்ள போயிட்டா
கணக்கு தப்பிருமே.

என் ஆய்வேட்டில் அவர் எண் நாற்பத்தேழு.
'அமர்வு தவறிய காரணம்':
ஒன்று பணம், இரண்டு தூரம், மூன்று பிற.
மழைக்கு எண் இல்லையா என்று கேட்டதற்கு
புள்ளியியல் பார்க்கும் கரந்தீகர் மேடம்
மூன்று போடு என்றார்.
போட்டேன்.
ஓரத்தில் பென்சிலால், தமிழில்,
மழை என்று எழுதிவைத்தேன்.
இந்தத் துறையில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

விடிகாலை நாலரைக்கு
கூடாரங்கள் ஒவ்வொன்றாகத் தணிந்தன.
என்னைப் பார்த்து அவர் கேட்டார்:
உதடு வெடிச்சிருக்கே, தண்ணி குடிச்சீங்களா?

என் பாட்டில்
துணி அலமாரிக்குப் பின்னால் இருந்தது.
இந்த அறையில் நாங்கள் யாரும்
அவர்கள் பார்க்கக் குடிப்பதில்லை.
பாடத்திட்டத்தில் அது இல்லை,
யாரும் சொல்லித் தரவும் இல்லை.
சேர்ந்த முதல் வாரத்திலேயே வந்துவிடும்.

குடிங்க, நான் பாக்கல என்று
கண்ணை மூடிக்கொண்டார்.

சுவர் பக்கம் திரும்பிக் குடித்தேன்.
எவ்வளவு அடக்கியும்
மிடறு இறங்கும் சத்தம்
கேட்டுவிட்டது.