எர்த்

கட்டணம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
அந்தக் காசுக்கு ஒரு மிக்ஸர், நாலு பாக்ஸ்,
டெம்போவுக்கு டயரும் வாங்கிடலாம் என்கிறான்
மைக்செட் கூட்டாளி மாதப்பன்.

பர்கூர் மண்டபத்துப் பின்வாசலில் நின்று
சென்னைக்கு போன் போட்டேன்.
"ஒலிப்பதிவு, ஒரு வருஷம் சார், வேலை நிச்சயம்."
அந்தப் பெண் பேசப் பேச
குரலுக்கு அடியில் ஒரு ம்ம்ம்...
எர்த் சரியில்லாத இரைச்சல்.
சொல்லிவிடலாமா?
வாய்வரை வந்தது.

அதற்குள் குவாரியில் நாலு மணி வெடி.
ஜன்னல் தகரம் அடங்க
மூன்று விநாடி.
எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஹலோ, என்ன சத்தம் அது?"

"கல்லுங்க."

வெள்ளிக்கிழமை கடைசித் தேதியாம்.
உள்ளே மாதப்பன் கேபிளைச் சுற்றுகிறான்,
முறுக்கு விழாமல், எட்டு எட்டாக,
நான் காட்டிக்கொடுத்த மாதிரியே.
என்னைப் பார்க்கவில்லை.