நாலாவது ஸ்க்ரூ

டென்னிஸ் எல்போ என்றார்கள்.
நான் டென்னிஸ் பார்த்தது
நுங்கம்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடியிலிருந்து,
அவுட்டோர் யூனிட்டுக்கு கேஸ் ஏற்றிக்கொண்டே.
தூரத்தில் மஞ்சளாய் ஒன்று
இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது.

அந்த விளையாட்டின் வலி
அயனாவரத்து ஏசி மெக்கானிக்கின் முழங்கையை
எப்படித் தேடிப் பிடித்ததோ.
பதினாலு வருஷம்,
ஸ்க்ரூடிரைவரும் அதே திருகலும்.
வெளிப்பக்க எலும்பு முனையில்
யாரோ பீடி அணைத்த மாதிரி.

டீ கிளாஸைத் தூக்க இரண்டு கை.
பைக் சாவியைத் திருப்ப இடக்கை.
கீழ்ப்பாக்கத்தில் ஒருவர் ஊசி என்றார்,
அதற்கும் அடங்காவிட்டால் கத்தி என்றார்.
கத்திரி தொடங்க ஒன்பது நாள் இருந்தது.
சீசனை விட்ட மெக்கானிக்குக்கு
வருஷம் முழுக்க ஆடிதான்.

ஓட்டேரியில் மருந்துக்கடைக்கு மேல்
ஹெப்சிபா மேடத்தின் அறை.
லீக் தேடி நான் பைப்பில் சோப்பு நுரை தடவுவதுபோல்
கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வந்தார்.
ஓரிடத்தில் கத்திவிட்டேன்.
"அதான்," என்றார், சந்தோஷமாக.

பிறகு ஒரு பெல்ட்.
ஒரு முனை என் முன்கையில்,
மறுமுனை அவர் தோளில்.
மூட்டை ஓரமாய் இழுத்துப் பிடித்து
"இப்ப கையை இறுக்கி மூடுங்க."
மூடினேன்.
வலி இல்லை.
திருட்டுப் பொருளை வைத்திருப்பவன்போல்
பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

மற்றதெல்லாம் வீட்டுப்பாடம்.
மேசை விளிம்பில் மணிக்கட்டு,
அரை லிட்டர் தண்ணி பாட்டில்.
இடக்கையால் ஏற்றிவிட்டு
வலக்கையால் மெல்ல, மெல்ல இறக்கு.
தூக்குவதில் இல்லையாம் வைத்தியம்.
அப்புறம் ஈரத்துண்டைப் பிழி.
"பதினோரு வருஷமா எனக்கு இதே தெரபிதான்,"
குமுதா பக்கெட்டை என் பக்கம் தள்ளினாள்.

மூன்றாம் வாரம் கெட்டிக்காரத்தனமாய்
ஒரு கம்ப்ரசரைத் தூக்கினேன்.
நாலாம் வாரம்
திரும்பவும் முதல் வாரம் ஆனது.
கத்திரி என்னைக் கேட்காமல் வந்து போனது.

மேடம் அறையின் ஏசி
முதல் நாளிலிருந்தே சொட்டுகிறது.
கீழே ஒரு பெயின்ட் டப்பா.
எனக்குக் கை பரபரக்கும்.
"தொடாதீங்க," என்பார் முதுகைத் திருப்பாமலே.

பத்தாம் வாரம் அவரே
ஸ்க்ரூடிரைவரை நீட்டினார்.
அவர் கட்டைவிரலில் டேப் சுற்றியிருந்ததை
அன்றுதான் பார்த்தேன்.
எத்தனை முழங்கையோ.

ஒன்று கழன்றது. இரண்டு. மூன்று.
நாலாவது துருவேறி இறுகியிருந்தது.
"வலி பத்துக்கு எவ்வளவு?"
"ரெண்டு."
"அப்ப அது அடுத்த வாரம்."

மூன்று ஸ்க்ரூவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
படியிறங்கினேன்.
டப்பாவில் சொட்டு
விழுந்துகொண்டுதான் இருந்தது.