தும்மல் கணக்கு

செல்லூரில் எங்கள் மில்
மிளகாய்க்கு ஒரு மிஷின், மாவுக்கு ஒன்று.
நடுவில் நான், தராசு, சில்லறை டப்பா.

எந்தத் துணி எவ்வளவு தடுக்கும் என்று பார்க்க
என்னிடம் கருவி கிடையாது.
மூக்கு இருக்கிறது.
ஒரு கிலோ குண்டு மிளகாய்க்கு எத்தனை தும்மல்?
காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில்
பென்சிலால் கோடு போட்டு வைப்பேன்.

வீட்டுக்காரர் லுங்கி, ஒற்றையாக: பதினொன்று.
அதே லுங்கி நாலாக மடித்து: மூன்று.
ஆனால் அடுத்த வீட்டு மல்லி அரைந்து முடிவதற்குள்
கண்ணாடியில் ஆவி,
காதுக்குள் மேடேறும் லாரி போல என் மூச்சு.
"எவ்வளவுக்கா?" என்று கேட்டவளிடம்
"அறு" என்றேன்.
நின்று, இழுத்து,
"பது" என்றேன்.
விலையை ஒரே மூச்சில் சொல்ல விடாத துணி
எனக்கு ஆகாது.

பனியன் துணி மெத்தென்று இருந்தது.
நான் வாயைத் திறந்தால் அதுவும் வாயைத் திறந்தது.
தேங்காய்ப்பூத் துண்டு
வாங்கிய தூளையெல்லாம் பத்திரமாக வைத்திருந்து
மறுநாள் காலை எனக்கே திருப்பித் தந்தது.
ஜவுளிக்கடைப் பையை வெட்டி மூன்று அடுக்காகத் தைத்தேன்.
தும்மல் நாலு, மூச்சு தாராளம்.
இஸ்திரிப் பெட்டி பட்டதும்
அப்பளம் மாதிரிச் சுருண்டு போனது.

மெடிக்கல் பெஞ்சமின் கொடுத்த நீலத்தில்
முதல் நாள் தும்மலே இல்லை.
கழுதை, இதையா இத்தனை நாள் விட்டோம் என்று
சோப்புப் போட்டுக் கசக்கிக் காயப்போட்டேன்.
அடுத்த நாள் ஏழு.
"துவைச்சீங்களா?" தலையில் அடித்துக்கொண்டான்.
"நடு அடுக்குல ஒரு கரண்ட் இருக்குக்கா.
பலூனைத் தலையில தேய்ச்சா சுவத்துல ஒட்டுமே, அது.
தூசி தானாப் போய் ஒட்டிக்கிரும்.
சோப்புல அது செத்துரும்."
வயரில்லாத, பில்லில்லாத ஒரு கரண்ட்டை
நானே நீலத் தண்ணீரில் அலசி
சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன்.

மெழுகுவத்தியை ஊதிப் பார்க்கச் சொன்னதும் அவன்தான்.
அணைந்தால் அந்தத் துணி உதவாதாம்.
நாலு மடிப்பு லுங்கியில் சுடர் அசையவேயில்லை.
கண் இருட்டியது எனக்குத்தான்.

பிறகு ஒரு சாயங்காலம்
கழற்றிவிட்டுக் கண்ணாடி பார்க்கிறேன்,
மூக்கின் இரண்டு பக்கமும்
கண்ணை நோக்கிச் சிவப்பாக ஒவ்வொரு கோடு.
மிளகாய் துணி வழியாக வரவில்லை.
சுற்றுப் பாதையில் வந்திருக்கிறது.
இத்தனை நாள் துணியை ஏசிக்கொண்டிருந்தேன்.
ரொட்டிப் பாக்கெட் கட்டுகிற கம்பியை
மேல் விளிம்பில் வைத்துத் தைத்து
மூக்கெலும்போடு அழுத்திவிட்டேன்.
ரெண்டு மடிப்பு, ஒரு கம்பி: இரண்டு தும்மல்.
"அறுபது" முழுசாக வந்தது.

பச்சரிசி அரைக்கிற நாளில் தும்மலே கிடையாது.
காலண்டரில் வெறும் தேதி.
அதனால் மாவு மிஷினில் நிற்கும் ஜைத்தூனுக்கு
மாஸ்க் கழுத்தில்தான்.
"மாவு என்னக்கா பண்ணும்? தினம் திங்கிறதுதானே."
எனக்குப் பதில் வரவில்லை.
மிளகாய் கதவை உதைத்துக்கொண்டு வருகிற முரடன்,
ஊருக்கே கேட்கும்.
மாவு அப்படியில்லை.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிற உறவுக்காரி.
எப்போது வந்தாள் என்றே தெரியாது.
ஜைத்தூன் ராத்திரி இருமுகிறாளாம்.
ஃபேன் காத்து ஒத்துக்கலை என்கிறாள்.
அந்த இருமலுக்கு என் காலண்டரில் இடமில்லை.

நேற்று பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.
இரண்டு மிஷினும் முனகி நின்றன.
அப்பாடா என்று வரிசையில் நின்றவர்கள்
துண்டை, முந்தானையை, கையை
மூக்கிலிருந்து எடுத்தார்கள்.
கூரை ஓட்டையிலிருந்து விழுந்த வெயில் கம்பத்தில்
வெள்ளையும் சிவப்புமாய்
அப்போதுதான் எல்லாம் இறங்கத் தொடங்கியிருந்தது,
அவசரமே இல்லாமல்.

நான் கழற்றவில்லை.
ஜைத்தூன் அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பார்த்துக்கொண்டே
கழுத்தில் கிடந்ததை
மேலே இழுத்துக்கொண்டாள்.
கம்பியை மட்டும் இன்னும் அழுத்தவில்லை.