அரைப் பேர்

கொட்டகலையில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
கீழே சீமெந்து மூட்டை விழும்போதெல்லாம்
என் கோப்பையில் தேநீர் சிலிர்க்கிறது.
நான்கு தோட்டங்களின் சேமலாப நிதி ஏடுகள்,
நாற்பத்தோராயிரம் பெயர்கள்.
ஒருத்தியை எத்தனை பேராக எழுதிவைத்திருக்கிறார்கள்
என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய புரோகிராம் எதையும் கேட்காது.
பதுளை ரயில் போகையில் ஓடவிட்டால்
இராத் தபால் ரயில் வரும்வரை
சந்து சந்தாய் நுழையும், முட்டும்,
வந்த வழியே திரும்பும், அடுத்த சந்து.
அதற்குள் கரண்ட் போய்விடும்.

புதிய கம்பைலர் ஓடுமுன்னே விசாரிக்கிறது.
எது உள்ளே வரும், எது வெளியே போகும்?
விடை ஒன்றா, பலவா,
இருந்தால் ஒன்று இல்லாவிட்டால் இல்லையா?
முதலில் எழுதிக் கொடு.
"கச்சேரி கிளார்க் மாதிரி இருக்கே அக்கா"
என்றான் விதுர்ஷன்.
இல்லையடா. கிளார்க் நாளைக்கு வேறு கேட்பார்.

ஓர் ஆளுக்கு ஓர் எண், நிச்சயம்
என்று அறிவித்தேன்.
யோசிக்கக்கூட இல்லை.

இருநூற்றுப் பதினாலாம் வரியில் நிறுத்தியது:
நிச்சயம் என்கிறாய்.
இது தோற்கவும் கூடும்.

தேடினேன். மெராயாப் பக்கத்து ஏடு.
பேச்சாயி, பேச்சி, பச்சாய்,
ஓரிடத்தில் பீச்சை.
ஆங்கிலத்துக்குப் போய், சிங்களத்தில் தங்கி,
தமிழுக்குத் திரும்பியபோது
தன் வீடு தெரியாமல் நின்ற பெயர்.
நான்கையும் ஒருத்தியாக்க விதி இருக்கிறது:
அதே தகப்பன், அதே லயம், அதே பிறந்த வருஷம்.
எண்ணுக்குத்தான் பக்கமே இல்லை.
கறையான் தின்றதோ, யாரும் கிழித்தார்களோ,
தர்க்கத்துக்கு இரண்டும் ஒன்று.

சுழியம் என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் வாய் மூடிவிடும்.
எனக்குத் தெரியும்.
வகை பொருந்திய பொய்யை
அது சந்தேகிப்பதில்லை.
கை அதைத் தட்டியும்விட்டது.
அழித்தேன்.

'நிச்சயம்' இருந்த இடத்தில்
'அரை நிச்சயம்' என்று மாற்ற வேண்டும்.
அரை.
கொழுந்து நிறை குறைந்த நாளில்
கணக்கப்பிள்ளை செக்ரோலில் போடுவாரே
அரைப் பேர், அந்த அரை.
அம்மா அதை வாங்கிவந்த நாட்களில்
மழையில் நின்றது முழு நாள்தான்.

மாற்றினேன். கீழே ஒரு கிளையும் வைத்தேன்:
எண் இல்லையென்றால்
ஆளை விட்டுவிடாதே,
நான்கு எழுத்துக்கூட்டலோடும்
தனிப் பட்டியலில் சேர்.

கம்பைல் ஆக நாலு நிமிடம்.
ஓடி முடிக்கப் பதினொரு விநாடி.
பட்டியலில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்.
பேச்சாயி நூற்று எண்பத்தேழாவது.
அவள் கொழும்புக்கு முதல் கடிதம் போட்டுப்
பதினாறு வருஷம்.

"சரியா ஓடுதா?" என்றான் விதுர்ஷன்.
தோற்க வேண்டிய இடத்தில் தோற்கிறது என்றேன்.
ஒரு கணம் என்னைப் பார்த்தான்.
பிறகு ரொட்டி வாங்கக் கீழே போனான்.
பிரிண்டரில் தாள் சிக்கியிருந்தது.